பஞ்சாயத்து ரேடியோவின் எதிர்க்கட்சி

ஊரில் எல்லோரும் அவரை ஆபரேட்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். மகளுக்கு நைனா, மருமகனுக்கு மாமா, மற்றபடி குழந்தையிலிருந்து கிழவர் வரை எல்லோருக்கும் ஆபரேட்டர். அவருக்குப் பெயர் ஒன்று இருந்தது. எங்கள் அலுவலகப் பதிவேட்டில் பார்த்திருக்கிறேன். அந்தப் பெயரைச் சொல்லி யாரும் அவரை அழைத்து நான் கேட்டதில்லை என்பதால் இங்கே நானும் சொல்லவில்லை.

எழுபதுகளில் நான் செங்கல்பட்டில், பஞ்சாயத்து ரேடியோக்களைப் பராமரிக்கும் பிரிவில் மெக்கானிக்காக இருந்தேன். அப்போது ஊருக்கு ஒரு ரேடியோ. பஞ்சாயத்துக் கட்டடத்தில் ஓர் அறை, அறையில் பூட்டுப் போட்ட மரப்பெட்டி, பெட்டிக்குள் ரேடியோ. சாயங்காலம் ஆபரேட்டர் வந்து பூட்டைத் திறந்து போடுவார். ஜன்னலுக்கு வெளியே மணலில் உட்கார்ந்து ஊர் கேட்கும். செய்தியெல்லாம் முடிந்ததும் பூட்டிவிட்டுப் போய்விடுவார். வேலை அவ்வளவுதான். சம்பளமும் அந்த அளவுக்குத்தான்.

திருவிடந்தைக்கும் நெம்மேலிக்கும் நடுவிலிருந்த ஒரு மீனவர் குப்பத்திலிருந்து புகார் வந்தது. பாட்டு நன்றாகக் கேட்கிறது, செய்தி வரும்போது மட்டும் சத்தம் போய்விடுகிறது என்று எழுதியிருந்தார்கள். எனக்கு விசித்திரமாக இருந்தது. ரேடியோவின் வால்வுக்குப் பாட்டு எது, செய்தி எது என்று தெரியாது. கெட்டால் இரண்டுக்கும் சேர்த்துத்தான் கெடும்.

கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாமல்லபுரம் போய், அங்கிருந்து வேறு பஸ் பிடித்து, சவுக்குத் தோப்புக்குள் நடந்து போய்ச் சேர்ந்தேன். ரேடியோவைப் பிரித்து ஒவ்வொன்றாகச் சோதித்தேன். பெரிய குறை ஒன்றும் இல்லை. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழின் உள்பாகம் மட்டும் மோசமாகத் தேய்ந்து போயிருந்தது. மற்ற ஊர்களில் சாயங்காலம் போடும்போது ஒரு தடவை, அணைக்கும்போது ஒரு தடவை அந்தக் குமிழைத் தொடுவார்கள். இங்கே யாரோ கிணற்று ராட்டினத்தைப் போல அதை உருட்டியிருந்தார்கள்.

யார் என்று சாயங்காலம் தெரிந்தது.

ஆபரேட்டர் ரேடியோவுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தார். ஒல்லியான மனிதர். இளமையில் கட்டுமரம் ஒன்று முழங்காலில் உருண்டதால் கடலுக்குப் போவதை விட்டவர். வலது கையைக் குமிழின் மேல் வைத்துக்கொண்டார். ஒரு மந்திரி எங்கேயோ ஒரு பாலத்தைத் திறந்துவைத்தார் என்று செய்தி வாசிப்பவர் சொன்னார். குமிழ் கரகரவென்று திரும்பியது. சத்தம் அடங்கியது. ஆபரேட்டர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"பாலத்தத் தொறந்தானாம். இவன் தொறக்கற வரைக்கும் அத்தப் பூட்டியா வெச்சிருந்தாங்க?"

வெளியே சிரித்தார்கள். சத்தம் மறுபடி கூடியது. அதற்குள் ஏதோ ஒரு நாட்டில் யாரோ இறந்து, அடக்கமும் நடந்து முடிந்திருந்தது. இறந்தது யார் என்று அந்த ஊருக்குக் கடைசிவரை தெரியவில்லை.

செய்தி முடிந்ததும் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, செய்தி நேரத்தில் குமிழில் கை வைக்கக் கூடாது என்று விதி இருப்பதைச் சொன்னேன்.

"இல்ல சார், அவன் ஒருத்தனே பேசிக்கினு கீறான். குறுக்க ஒண்ணு கேட்டா பதில் சொல்றானா? சபைன்னு இருந்தா எதிர்க்கட்சி வேணாமா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "குமிழு கரகரங்குது பாருங்க. நான் பேச வரேன்னு முன்னாடியே எல்லாருக்கும் தெரிஞ்சிடுது. அத்த மட்டும் மாத்திக் குடுத்துட்டீங்கன்னா நல்லாருக்கும்" என்றார்.

அதற்குப் பிறகு அந்தக் குமிழுக்காகவே நான் அங்கே பலமுறை போக வேண்டியிருந்தது. போய்வந்த நாட்களில் அவர் சொன்னதையெல்லாம் நாட்குறிப்பில் எழுதி வைத்தேன். பணம், கடவுள், விஞ்ஞானம், அரசியல் என்று நான்கு தலைப்பு போட்டுப் பிரித்து எழுதலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. அவருக்கு நான்கும் ஒன்றுதான். தன் தகப்பனார் காலத்தில் இல்லாத எதுவும் சரியில்லை.

ஒருமுறை நைலான் வலை வாங்கக் கடன் தருவதாகச் சொல்லி ஒரு பேங்க்கிலிருந்து ஜீப்பில் ஆட்கள் வந்தார்கள். கடனோடு சேமிப்புக் கணக்கும் தொடங்கச் சொன்னார்கள். ஆபரேட்டர் அவர்களை உட்காரவைத்து மோர் கொடுத்துவிட்டு, "பேங்க்குல போட்டா என் டப்பு போயி ஊர்ல கீறவன் டப்போட எல்லாம் கலந்துடும். நான் உப்புத் தண்ணியில நின்னு சம்பாரிச்சது. அவன் எதுல நின்னு சம்பாரிச்சானோ" என்றார். தன் பணம் வீட்டில் அரிசிப் பானைக்குள் பத்திரமாக இருப்பதாகவும் சொன்னார். மோர் சொம்பை எடுக்க வந்த மகள், "பானையில அரிசியே இல்ல நைனா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பக்திப் பாட்டு ஒலிக்கும்போது மணலில் யாரும் ரேடியோவின் பக்கம் காலை நீட்டக் கூடாது. படுத்துக்கொண்டு கேட்கக் கூடாது. பீடி கூடாது. பாட்டு முடிந்து செய்தி ஆரம்பித்ததும் முதல் ஆளாக அவர் தன் வலிக்கிற காலை முக்காலியிலிருந்து இறக்கி, நேரே ரேடியோவின் முகத்துக்கு நீட்டிக்கொள்வார். "இப்ப நீட்டலாம். இப்ப பேசறவன் சாமி இல்ல" என்பார்.

நிலாவில் மனிதன் இறங்கியதை அவர் மறுக்கவில்லை. அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. "போயிருப்பான் சார். ஏன் திரும்பி வந்தான்? நல்ல எடமா இருந்தா அங்கயே இருந்திருப்பான்ல" என்றார். கல்பாக்கத்தில் அப்போது அணுமின் நிலையம் எழும்பிக்கொண்டிருந்தது. அதைப் பற்றிச் செய்தியில் வந்த ஒரு நாள் குமிழ் இரண்டு தடவை கரகரத்தது. "கண்ணுக்குத் தெரியாதத ஒடச்சி கரண்டு எடுக்கறானாம். கண்ணுக்குத் தெரியற கம்பத்துல பல்பு எரியல."

அரசியலில் அவருக்கு எந்தக் கட்சியும் பிடிக்காது. வெள்ளைக்காரக் கலெக்டர் குதிரையில் வருவான், தூரத்திலேயே குளம்புச் சத்தம் கேட்கும், நாம் சட்டையைப் போட்டுக்கொண்டு தயாராக இருக்கலாம், இப்போது வருகிறவன் ஜீப்பில் புழுதியைக் கிளப்பிவிட்டு நிற்காமல் போய்விடுகிறான் என்பார். ஆனாலும் எந்தத் தேர்தலிலும் ஓட்டுப் போடாமல் இருந்ததில்லை. யாருக்கு என்று கேட்டால், "செயிச்சவனுக்கு நான் போட்டதே இல்ல சார். தோத்தவன் மேலதான் இதுவரைக்கும் ஒரு புகாரும் வரல" என்பார்.

அம்மை குத்த வந்த நர்சம்மாவை ஊரே பார்க்கத் திட்டித் தீர்த்தார். நல்ல உடம்பில் ஊசியால் நோயை ஏற்றுகிறார்கள் என்று அரைமணி நேரம் பேசினார். பேசி முடித்துவிட்டு, முதல் ஆளாகச் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு போய் நின்றார். நான் சிரித்ததைப் பார்த்து, "திட்டனது கொள்கை சார். குத்திக்கறது ஒடம்பு" என்றார்.

இத்தனையிலும் வானிலை அறிக்கையோடு மட்டும் அவருக்குச் சொந்தப் பகை இருந்தது. மற்றச் செய்திகளை இடையிடையே நிறுத்திப் பேசுவார். வானிலையை ஊரின் காதில் விழவே விடமாட்டார். அது ஆரம்பிக்கும் முன்பே குமிழைத் திருப்பிவிட்டு, ரேடியோவின் துணி மறைப்பில் காதை ஒட்டவைத்துத் தான் மட்டும் கேட்பார். கேட்டு முடித்து ஜன்னலுக்கு வந்து, மெட்ராஸ்காரன் இப்படிச் சொல்கிறான் என்று சொல்லி, அது ஏன் தப்பு என்பதையும் சொல்வார்.

"மெட்ராஸ்ல மாடி மேல ஒக்காந்துகினு நம்ம கடலப் பத்திச் சொல்றான். அவன் கால்ல ஒரு தபா மணல் ஒட்டியிருக்குமா?"

இதற்கு ஒரு காரணம் இருந்தது. ஒரு வருஷம் ஐப்பசியில், புயல் வருகிறது, கடலுக்குப் போகாதீர்கள் என்று ரேடியோ சொன்னது. ஊர் போகவில்லை. காற்று ஓர் ஓலையைக்கூட அசைக்கவில்லை. கேட்காமல் போன பக்கத்துக் குப்பத்துக்காரர்கள் கட்டுமரம் தாழ வஞ்சிரத்தோடு வந்தார்கள். அன்றைக்கே ஆபரேட்டர் ஒரு சட்டம் போட்டார்: சாதாரண நாளில் ரேடியோ கடலைப் பற்றி வாயைத் திறக்காது, திறந்து போகாதே என்று சொன்னால் அன்றைக்குத்தான் மீன், போ என்று சொன்னால் வீட்டில் இரு. அடுத்த எச்சரிக்கைக்கு எல்லோரும் போனார்கள். ஒன்றும் ஆகவில்லை, மீனும் கிடைத்தது. அதற்கடுத்த எச்சரிக்கையும் அப்படியே போயிற்று. அதோடு அந்தச் சட்டம் ஊரில் ஊன்றிவிட்டது.

பிறகு ஓர் ஐப்பசிக் கடைசியில் மறுபடி குமிழ் மாற்றப் போனேன். தூறிக்கொண்டிருந்தது. வேலை முடியும்போது செய்தி நேரம் ஆகிவிட்டதால், ரேடியோவின் பின்பக்கத்தை மூடாமலே போட்டுக் காட்டினேன். நான் பெட்டிக்குப் பின்னால் இருந்தேன். செய்தி முடிந்தது. வழக்கம்போல் ஆபரேட்டர் குமிழைத் திருப்பினார். புதுக் குமிழ், கரகரப்பே இல்லை. காதைத் துணியில் வைத்தார். எனக்கும் பின்னாலிருந்து தெளிவாகக் கேட்டது. கடலில் பலமான புயல், கரையை நெருங்குகிறது, இந்தப் பக்கத்து மீனவர்கள் யாரும் கடலுக்குப் போக வேண்டாம்.

அவர் காதை எடுத்தபோது முகம் வெளுத்திருந்தது. ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தார்.

"காலைலேர்ந்தே அலை ஒரு மாதிரி கீது சார். காத்தே இல்ல, தூக்கித் தூக்கிப் போடுது. நாந்தான் வயசாயிடுச்சு, கண்ணு ஏமாத்துதுன்னு நெனச்சேன். இவனும் சொல்றான்."

"வெளியே சொல்லுங்க" என்றேன்.

"சொன்னா போயிடுவாங்க சார்."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. போகாதே என்று ரேடியோ சொல்கிறது என்று இவர் சொன்னால், விடியும் முன் ஊரே கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு போய்விடும். சட்டம் இவர் போட்டது. முதல் ஆளாகப் போகிறவன் இவருடைய மருமகனாக இருப்பான். தெற்கிலிருந்து மீன் கூட்டம் வருகிறது என்று புது வலையைக் கட்டி வைத்துக்கொண்டு அவன் ஜன்னலுக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தான்.

"இன்னா ஆபரேட்டரு, சத்தத்தையே காணோம்? இன்னா சொல்றான் ஒன் மெட்ராஸ்காரன்?" என்று வெளியிலிருந்து ஒரு குரல் கேட்டது. ஊரிலேயே பெரிய கட்டுமரத்துக்குச் சொந்தக்காரர். அவர் போனால் மற்றவர்கள் போவார்கள்.

ஆபரேட்டர் ஜன்னலுக்குப் போனார். தொண்டையைச் செருமினார்.

"கடலு சாதுவா கீதாம். பயப்படாம போலாம்ன்றான்."

பெரிய மரத்துக்காரர் தலையைத் தூக்கினார்.

"போவச் சொல்றானா? அவனா சொன்னான்?"

"அவந்தான் சொன்னான். தாராளமா போங்கன்னான்."

பெரிய மரத்துக்காரர் எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டினார். "என்னிக்கும் இல்லாம இன்னிக்கி அக்கறையா போவச் சொல்றான்னா ஏதோ வம்பு கீது. மரத்தயெல்லாம் மேட்டுக்கு ஏத்துங்கடா" என்றார். ஆட்கள் எழுந்தார்கள். ஆபரேட்டர் மூச்சு விட்டார். அப்போது மருமகன் பேசினான்.

"இல்ல அண்ணாத்த, நான் ஒண்ணு சொல்றேன். அவனும் மனுசன்தானே. ஒரு தபாவாச்சும் நெசம் சொல்ல மாட்டானா? நான் நம்பிப் பாக்கறேன். நான் போறேன்."

ஆபரேட்டர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். வாழ்நாள் முழுதும் இந்த ஊரில் அரசாங்கத்தை யாரும் நம்பிவிடக் கூடாது என்று உழைத்தவர். இத்தனை நாள் பொறுத்து ஒருவன் நம்பினான், அது அவருடைய மருமகன், அதுவும் இன்றைக்கு.

"இன்னாடா பேசற? சர்க்கார நம்புவியா நீ? ஒங்கப்பன் நம்புனானா?"

"போவலாம்னுதானே மாமா சொல்றான். நீயே வாயால சொன்ன."

"நான் சொல்லல, அவன் சொன்னான்."

"அத்தத்தான் நானும் சொல்றேன். அவன் சொல்லிட்டான், நான் போறேன்."

இந்த நேரத்தில் அவருக்குச் சோற்றுத் தூக்கோடு மகள் அறைக்குள் வந்தாள். அப்பாவின் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "இன்னா நைனா, நெசமா இன்னா சொன்னான்?" என்று மெதுவாகக் கேட்டாள். அவர் அவள் தலையைப் பிடித்து ரேடியோவின் துணியோடு ஒட்டவைத்தார். எச்சரிக்கையை இரண்டாம் முறை வாசித்துக்கொண்டிருந்தார்கள். அவள் கேட்டாள். தூக்கைக் கீழே வைத்தாள். வீட்டுப் பக்கம் போனாள்.

வெளியே மருமகன் எல்லோரோடும் வாதாடிக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் அவள் திரும்பி வந்து அவன் எதிரே நின்றாள்.

"போறதுன்னா போ. நான் வேணாம்னு சொல்லல."

"பாத்தியா அண்ணாத்த, இவளே சொல்றா."

"துடுப்பத்தான் ஒடச்சி அடுப்புல வெச்சிட்டேன். ஈர வெறகு எரியல, இன்னா பண்றது? கையால தள்ளிக்கினு போ."

ஊர் சிரித்த சிரிப்பில் அவன் தலையைக் குனிந்துகொண்டான். அந்த நேரத்தில் அவனுக்குத் துடுப்பு கடன் கொடுக்க யாரும் தயாராக இல்லை.

விடியும் முன் காற்று வந்தது. எனக்குத் திரும்பிப் போகப் பஸ் இல்லாததால் நானும் அங்கேதான் இருந்தேன். கூரைகள் ஒவ்வொன்றாகப் பறக்க, ஊர் முழுதும் கோழிகளோடு பஞ்சாயத்து அறைக்குள் வந்து நெருக்கிக்கொண்டது. ஆபரேட்டர் ரேடியோப் பெட்டியின் மேல் தன் போர்வையைப் போர்த்தி, அதன் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். காற்று கொஞ்சம் தணிந்தபோது ஆட்களை எண்ணிப் பார்த்தார்கள். எல்லோரும் இருந்தார்கள். மேட்டில் கட்டுமரங்களும் இருந்தன. அதன் பிறகு ஊர் மெட்ராஸ்காரனைத் திட்ட ஆரம்பித்தது.

"போங்க, கடலு சாதுவா கீதுன்னு சொன்னான் பாரு படுபாவி. ஆபரேட்டரு மட்டும் இல்லன்னா இன்னேரம் எல்லாரும் தண்ணிக்கு அடியில."

"அவனுக்கெல்லாம் பொண்டாட்டி புள்ளைங்க இருக்காதா?"

அரசாங்கத்தைத் திட்டும்போது ஆபரேட்டர் சும்மா இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். கொஞ்சம் கொஞ்சமாக நெளிந்தார். கடைசியில் தாங்க முடியாமல், "விடுங்கடா, பாவம். அவனுக்கும் மேல ஆபீசரு இருப்பான்" என்றார்.

மறுநாள் புதுச் சிக்கல் ஒன்று அவருக்குக் காத்திருந்தது. புயல் கரை கடந்துவிட்டது, கடலுக்குப் போகலாம் என்று வானிலை சொன்னது. அது நிஜம். அதை அப்படியே சொன்னால் யாரும் போகமாட்டார்கள், அடுப்பும் எரியாது. ஆபரேட்டர் என்னைப் பார்த்தார். பிறகு ஜன்னலுக்குப் போய், "இன்னும் போவாதன்றான். புயலு திரும்பி வருமாம். முந்தாநேத்து போவச் சொன்னவன் இன்னிக்கி போவாதன்றான், இவன் பேச்சுல எதுனா நெல கீதா?" என்றார். ஊர் சந்தோஷமாகத் துடுப்பை எடுத்தது.

அன்றிலிருந்து அதுவே அவருடைய வேலையாகிவிட்டது. போகாதே என்று வந்தால் போகச் சொல்கிறான் என்பார். போகலாம் என்று வந்தால் போகாதே என்கிறான் என்பார். பிறகு வழக்கம்போல் திட்டுவார். அந்தக் கரையிலேயே வானிலை அறிக்கையை ஓர் எழுத்து விடாமல் கேட்டு, ஒரு நாள் தவறாமல் கடைப்பிடித்த ஊர் அதுதான். அதை நம்பாத ஊரும் அதுதான். முன்பு மந்திரிகளைப் பற்றிப் பேசிக்கொண்டே வானிலைக்கு வருவார். இப்போது அது ஆரம்பிக்கும் முன்பே வாயை மூடிக்கொண்டு, காதைத் துணியில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். எழுந்திருக்கும்போது காதில் துணியின் கட்டம் பதிந்திருக்கும்.

ஒருமுறை கேட்டேன். "எத்தனை நாளைக்கு இப்படி? உண்மையைச் சொல்லிடலாமே."

"இத்தினி வருசமா சொன்னத மாத்திச் சொன்னா, என்னை எவன் சார் நம்புவான்? அப்புறம் நான் சொல்ற நெசத்த எவன் கேப்பான்?"

"அப்போ வானிலைக்காரனை நம்பறீங்கன்னு ஒத்துக்கறீங்க."

"அவன எங்க நம்பறேன்? என் மருமவனத்தான் நம்பல" என்றார்.

அதற்குப் பின் சில காலம் கழித்து அந்த மருமகன் செங்கல்பட்டில் எங்கள் அலுவலகத்துக்கே என்னைத் தேடி வந்தான். தோளில் தோல் வாரோடு ஒரு டிரான்சிஸ்டர். மாமல்லபுரத்தில், தன் நாட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரப் பயணியிடம் வாங்கினதாகச் சொன்னான். அதை மேஜை மேல் வைத்து, "இத்த ரிப்பேர் பண்ணணும் சார்" என்றான். போட்டுப் பார்த்தேன். மணி மாதிரி பாடியது.

"நல்லாத்தானே இருக்கு? என்ன ரிப்பேர்?"

"ரிப்பேர் ஆவல சார், ஆக்கணும். பாட்டு வரட்டும், சேதி வரட்டும். கடல் சேதி வரும்போது மட்டும் இது பேசக் கூடாது."

நான் அவனைப் பார்த்தேன். அவன் டிரான்சிஸ்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"முந்தாநேத்து மாமா ஜன்னலாண்ட நின்னுகினு, போவச் சொல்றான் படுபாவின்னு திட்டிக்கினு கீறாரு. என் மடியில இது போவாத, போவாதன்னு சொல்லிக்கினு கீது. நல்ல வேள, சன்னமா வெச்சிருந்தேன். வேற யாருக்கும் கேக்கல."

"மாமாகிட்ட கேட்டியா?"

"இன்னான்னு சார் கேக்கறது? அன்னிக்கி என்னைக் கரையில நிறுத்தி வெச்சதே அவருதான்னு இப்பத்தான் தெரியுது. அத்தப் போயி, ஏன் பொய் சொன்னன்னு கேக்கறதா?"

"அந்த நேரத்துக்கு மட்டும் நீயே குமிழைத் திருப்பிச் சத்தத்தை அடக்கிடு. அதுக்கு மெக்கானிக் எதுக்கு?"

"திருப்புனேன் சார். எங்கூட்டுக்காரி பாத்துட்டா. அவ நைனா மாதிரியே ஆயிட்டன்னு ஊரு முழுக்கச் சொல்லிச் சிரிக்கிறா."

நல்ல ரேடியோவைக் கெடுத்துக் கொடுக்கும் வேலையை நான் கற்றதில்லை. பின்பக்க மூடியைத் திறந்து, பேட்டரிக் கட்டைகளை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். அவன் அவற்றைப் புரட்டிப் பார்த்தான். பிறகு முகம் தெளிந்து, கட்டைகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வெறும் டிரான்சிஸ்டரைத் தோளில் பெருமையாக மாட்டிக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் மாமா என்ன சொல்கிறார் என்று கேட்கப் போய்விட வேண்டும் என்று சொல்லி மாமல்லபுரம் பஸ்ஸைப் பிடிக்க ஓடினான்.